சாமி சொன்ன இன்ஜின்

பேசாத குருவுக்குச் சீடனாக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பேசுகிறவர் என்றால் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு நம் பாட்டுக்குப் போய்விடலாம். பேசாதவரிடம் எல்லாவற்றையும் நாமேதான் கண்டுபிடித்தாக வேண்டும்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அப்படி ஒரு சாமி இருந்தார். வயது நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். வடக்கே எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தவர். யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரு "ம்" வரும். பல நாட்களில் அதோடு சரி. மீதியை ஆசிரமத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். இலையில் உப்பைத் தொடாமல் எழுந்தால், சாமி பற்றை விடச் சொல்கிறார் என்றார்கள். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தால் அதற்கு ஒரு பொருள், பார்க்காமல் போனால் அதற்கு ஒரு பொருள். மழை வருமா என்று பார்த்திருக்கலாம் என ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இந்த வித்தையில் கைதேர்ந்தவர் நயினார். ஆறுமுகநயினார் என்பது முழுப்பெயர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போனபிறகு ஆசிரமத்தோடு வந்து சேர்ந்துகொண்டவர். சாமியைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் சாமி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்பார். ஆசிரமத்து வேன் அவர் பொறுப்பு.

வேனுக்கு ஆசிரமத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேலை கிடையாது. அதன் வேலையெல்லாம் செவ்வாயும் வெள்ளியும்தான். அடிவாரத்து ஊர்களில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போய் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு இறக்கிவிட வேண்டும். முடிந்ததும் துவண்டுபோய் வருகிறவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். சாமி வந்த புதிதில் ஏற்படுத்தியது அது. அவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி நடத்திய ஒரே காரியம் என்றும் சொல்லலாம்.

முன்சீட்டில் எப்போதும் முப்பிடாதிதான் உட்காருவாள். பீடி சுற்றுகிறவள். ஊசி ஏறி ஏறி இடதுகை நரம்பெல்லாம் புடைத்துக் கிடக்கும். வாய் மட்டும் ஓயாது.

"அண்ணாச்சி, வண்டிக்கு எப்பம் எண்ணெய் மாத்துனிய?"

"எதுக்குக் கேக்க?"

"எனக்கு வாரத்துக்கு ரெண்டு மட்டம் ரத்தத்தை அலசி ஊத்துதாங்க. இது பாவம், வாயில்லாச் சீவன். எத்தனை நாளாக் கருப்பாக் கிடக்கோ."

நயினாருக்குச் சிரிப்பு வந்துவிடும். அவளுடைய புருஷன் மாசானம் ரைஸ்மில்லில் வேலை பார்த்தான். கேட்டால் பதில் சொல்வான், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அவன் பேச்சையும் சேர்த்து இவள் பேசித் தீர்க்கிறாள் என்று நயினார் கிண்டல் செய்வார். ஆனால் அவள் வராத நாளில் வண்டி ஓட்ட அவருக்கே சலிப்பாக இருக்கும்.

வண்டி ஓடாத ஓட்டமெல்லாம் ஓடியிருந்தது. கிலோமீட்டர் எண்ணுகிற மீட்டர் எப்போது நின்றுபோனது என்று அவருக்கே நினைவில்லை. புரட்டாசியில் அது எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. அப்புறம் பின்னால் நீலமாகப் புகை வந்தது. ஐப்பசி பிறந்த கையோடு ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ஊருக்கு முந்தின ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றேவிட்டது. வண்டிக்குள் இருந்தவர்களை வழியில் போன டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, கயிறு கட்டி வேனை செல்வின் பட்டறைக்கு இழுத்துப்போனார் நயினார்.

செல்வின் நல்ல மெக்கானிக். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஏமாற்றுகிறவன் இல்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நேராகவே சொன்னான்.

"கம்ப்ரஷன் சுத்தமாப் போயிட்டு அண்ணாச்சி. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இன்ஜினை இறக்கி அக்குஅக்காப் பிரிச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு, பிஸ்டன் பேரிங் எல்லாம் புதுசாப் போடணும். இல்லன்னா, நம்மகிட்டயே இதே மாடல் ஓடுன இன்ஜின் ஒண்ணு கிடக்கு. ரொம்பக் கம்மியா ஓடுனது. தூக்கி மாட்டுனா செவ்வாக்கிழமை நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிறலாம்."

"கம்மியா ஓடுன இன்ஜினை எவன்டே கழட்டி விப்பான்?"

"வண்டி நொறுங்கிட்டு. பின்னாடி லாரி வந்து ஏறிட்டு. இன்ஜின்ல ஒரு கீறல் கிடையாது."

"ஆளுக்கு?"

செல்வின் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். "ரெண்டு பேரு" என்றான் பிறகு.

அதற்குமேல் நயினாருக்கு அந்த இன்ஜின் இருந்த மூலைப்பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று சில பயங்கள் உண்டு. சாவு விழுந்த வண்டியிலிருந்து ஒரு நட்டைக்கூடக் கழற்றித் தன் வண்டியில் மாட்ட மாட்டார்கள். நயினார் சர்வீஸ் முழுக்க ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஒருநாளும் டிப்போவை விட்டு வண்டியை எடுத்ததுமில்லை. ஆனால் ஆசிரமத்தில் இருந்துகொண்டு பேய்க்குப் பயப்படுகிறேன் என்று வெளியில் சொல்ல முடியுமா? அதற்கு வெட்கமாக இருந்தது.

"சாமிகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றார்.

சாமி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். வார் அறுந்த பழைய செருப்பு. தேய்ந்து தேய்ந்து, குதிகால் இருக்கிற இடம் காகிதம்போல் ஆகியிருந்தது. பக்கத்திலேயே நல்ல தோல்செருப்பு ஒரு ஜோடி. சென்னையிலிருந்து வந்த பக்தர் ஒருவர் நாலு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, சாமிக்கு ஆகட்டும் என்று விட்டுப்போனது. அதன் பளபளப்புக்கூட இன்னும் போகவில்லை.

நயினார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு வழியையும் சொன்னார். பழைய இன்ஜின் எப்படியெல்லாம் உழைத்தது என்று சொன்னார். அந்த இன்னொரு இன்ஜின் எந்த வண்டியில் இருந்தது, அதில் இரண்டு பேர் போனார்கள் என்பதையும் சொன்னார். எதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது மட்டும் விட்டுப்போயிற்று. வேண்டுமென்று விட்டதில்லை. ஆனால் முதலில் சொல்லியிருக்க வேண்டியதே அதுதான்.

சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நல்ல செருப்பு காலில் இடறியது. அதைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினார். தைத்த வாரை இழுத்துப் பார்த்தார். பழைய செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

"என்ன செய்யட்டும் சாமி?"

"ம்" என்றார் சாமி. எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்து போனார்.

நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரமாகக் கிடந்த நல்ல செருப்பைப் பார்த்தார். பழைய செருப்போடு போகிற சாமியைப் பார்த்தார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? சமையல்கட்டில் போய்ச் சொன்னபோது அங்கிருந்தவர்களும் புல்லரித்துப்போனார்கள். 'உழைத்ததைக் கைவிடாதே' என்கிறார் என்றார் ஒருவர். 'ஒருவர் அனுபவித்துப் போட்டது நமக்கு வேண்டாம்' என்கிறார் என்றார் இன்னொருவர். சாம்பாரைக் கிண்டிக்கொண்டே ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். எல்லாப் பொருளும் நயினார் ஏற்கெனவே முடிவு செய்திருந்த பக்கமே சாய்ந்தன.

செல்வினுக்குத்தான் அது இறங்கவில்லை.

"சாமி என்ன சொன்னாவ?"

"பழசையே செய்யச் சொல்லிட்டாவ."

"வாயால சொன்னாவளா?"

"செருப்பைத் தச்சாவ."

செல்வின் கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தான். "அண்ணாச்சி, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எனக்கு இதெல்லாம் புரியாது. நான் கேக்கது ஒண்ணுதான். இது லேத்துக்குப் போவணும், சாமான் வரணும், எப்பம் முடியும்னு நான் கையடிச்சுத் தர முடியாது. அதுவரைக்கும் அந்த ஆளுவ ஆஸ்பத்திரிக்கு எதுல போவாவ?"

"பஸ் இருக்குல்லா?"

"நோயாளியக் கொண்டுபோயி பஸ்ல..."

"கொஞ்ச நாளுதானடே. சாமி வாக்குக்கு மேல நீயும் நானும் பேசப்பிடாது."

செல்வின் அன்றைக்கே இன்ஜினை இறக்கிவிட்டான்.

பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பார்கள். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பிஸ்டன் ஓடுகிற இடம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தது. கிராங்க்கை டவுனுக்கு அனுப்பிக் கடைந்து வாங்கவேண்டியதாயிற்று. அது வந்தபோது அளவான பிஸ்டன் கிடைக்கவில்லை. பிஸ்டன் வந்தபோது ஹெட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவையும் செல்வின் மூலையைக் கைகாட்டி, "அது இன்னும் அங்கனதான் கிடக்கு அண்ணாச்சி" என்பான். ஒவ்வொரு தடவையும் நயினார் தலையை ஆட்டுவார்.

ஒரு தடவை அவருக்கே மனசு தடுமாறியது. சாமியிடம் போய் இன்னொருமுறை கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் ஒரே கேள்வியைச் சாமியிடம் இரண்டாவது முறை கேட்பது ஆசிரமத்தில் வழக்கமில்லை. முதலில் சொன்னது விளங்கவில்லை என்று ஆகிவிடும். நயினாருக்கு விளங்காமல் போயிற்று என்று யாராவது சொல்வதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. அதனால் கேட்கவில்லை.

நோயாளிகள் ஆளுக்கொரு வழி பார்த்துக்கொண்டார்கள். ஒருவரை மகன் பைக்கில் கூட்டிப்போனான். ஒருவர் டவுனில் மச்சினன் வீட்டோடு போய்த் தங்கினார். முப்பிடாதிக்குப் பைக்கும் இல்லை, டவுனில் மச்சினனும் இல்லை. அவள் பஸ்ஸில் போனாள். போகும்போது எப்படியோ போய்விடுவாள். வரும்போதுதான் பாடு. உடம்பில் இருந்ததையெல்லாம் பிழிந்து எடுத்தது மாதிரி இருக்கும். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வரவேண்டும். ஒருநாள் நயினாரைப் பட்டறை வாசலில் பார்த்தாள். வழக்கமான சிரிப்பு இருந்தது. முகம் வீங்கியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, உங்க வண்டிக்குப் பேறுகாலம் இன்னும் ஆவலியா?"

"வந்துரும் தாயி. இன்னும் நாலு நாளு."

"போன வாரமும் நாலு நாளுதான் சொன்னிய." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் பஸ்ல போறது சாமிக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் நயினார்.

பொய்தான். அதை ஒரு பொய் என்றே அவர் அப்போது நினைக்கவில்லை. சாமிக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கு முந்தின நாளே மழை பிடித்துக்கொண்டது. காலையில் ஓடைப்பாலத்துக்குமேல் தண்ணீர் போனது. பஸ் அக்கரையிலேயே திரும்பிப் போய்விட்டது. முப்பிடாதி பையும் குடையுமாக ரொம்பநேரம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். வேன் இருந்திருந்தால் நயினார் கால்வாய்க்கரையைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். போன வருஷத்து மழையில் அப்படித்தான் போனார். அன்றைக்கு அவர் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தப்பினால் ஒன்றும் ஆகாது, செவ்வாய்க்கிழமை போய்க்கொள்ளலாம் என்றான் மாசானம். ஞாயிற்றுக்கிழமையே அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தாள். திங்கட்கிழமை காலையில் யாரையோ பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

சாவு வீட்டுக்குச் சாமியும் வந்தார். நோய் முற்றிப் போய்விட்டாள் என்றுதான் அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். சுற்றி நின்றவர்கள் அதையும் பார்த்தார்கள். அவள் கணக்கு முடிந்தது, அதைத்தான் சாமி அப்படிச் சொல்கிறார் என்று தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டார்கள். நயினாரும் அதைக் கேட்டார். நம்பவேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டார்.

இன்ஜின் அந்த வாரக் கடைசியில் முடிந்தது.

செல்வின் குறை வைக்கவில்லை. சாவியைத் திருகியதும் ஒரே பிடியில் எழுந்தது. புகை இல்லை. வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாத அளவுக்குச் சத்தம் அடங்கியிருந்தது. நயினார் அதை ஆசிரமத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். வருகிற வழியில் முன்சீட்டுப் பக்கம் அவர் திரும்பவில்லை. எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒருவர் பானெட்டின்மேல் காதை வைத்துக் கேட்டார். "சாமி சொன்ன இன்ஜின்லா!" என்றார். சத்தம் கேட்டுச் சாமியும் வந்தார்.

"நல்லா ஓடுதே" என்றார்.

சாமி ஒரு முழு வாக்கியம் பேசியதில் கூட்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நயினார் மட்டும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"சாமி, பழசையே செஞ்சது சரிதானா?"

"எதை?"

"இன்ஜினத்தான் சாமி. அன்னைக்கு நீங்க சொன்னியளே."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"வாயால சொல்லல சாமி. நல்ல செருப்பத் தள்ளி வச்சிட்டு, பழசத் தச்சுப் போட்டுக்கிட்டுப் போனிய."

சாமி அவரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் முழுக்கத் தலையசைத்துக்கொண்டிருந்தது.

"அந்தச் செருப்பு எனக்குச் சின்னது நயினார்" என்றார். "குதிகால் வெளியே நிக்கும். அதான் போடல."

தலையசைப்பு நின்றது. அப்போதும் ஒருவர், இதற்குள்ளும் ஏதோ இருக்கிறது என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார். சாமி அவர்பக்கம் திரும்பி, "இதுல ஒண்ணும் இல்ல" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். அந்த ஆசிரமத்தில் சாமி அவ்வளவு கேள்வி கேட்டதை யாரும் பார்த்ததில்லை.

"அந்த இன்னொரு இன்ஜினைப் போட்டிருந்தா வண்டி எப்ப வந்திருக்கும்?"

"அடுத்த செவ்வாக்கிழமையே சாமி."

"எனக்கு ஏன் அதைச் சொல்லல?"

"விட்டுப்போச்சு சாமி."

"வண்டி இல்லாத அன்னைக்கெல்லாம் அவங்க எதுல போனாங்க? வாடகைக்கு வேற வண்டி பிடிச்சிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்."

"ஆளாளுக்குப் போனாவ சாமி. முப்பிடாதி பஸ்ல போனா."

"ஒருநாள்கூடத் தப்பாமப் போனாளா?"

"கடைசி வெள்ளிக்கிழமை போவல சாமி. பாலத்துல தண்ணி. பஸ் வரல. வண்டி இருந்திருந்தா கால்வாய்க்கரையச் சுத்திப் போயிருப்பேன் சாமி. போயிருப்பேன்."

சாமி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருந்துச்சு சாமி" என்றார் நயினார். "ரெண்டு உசிரு போன இன்ஜினு. அதத் தொட எனக்குப் பயம். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எல்லாத்தையும் உங்க செருப்பு மேல போட்டுட்டேன். செல்வின் சொல்லிக்கிட்டே இருந்தான். நான்தான் கேக்கல. அவகிட்டயும் பொய் சொன்னேன், சாமிக்குத் தெரியும்னு."

"எனக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் சாமி. "நீங்க கேட்டப்ப ஒண்ணும் விளங்கல. தெரியலன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் ம்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். எப்பவும் அப்படித்தான் போறேன். நீங்கள்லாம் அதைப் பெருசா எடுத்துக்கிறீங்க. எனக்கும் அது பிடிச்சுப்போச்சு."

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. அங்கே நிற்பதற்கு யாருக்கும் மனசில்லை. நயினார் சாவியைப் பிடுங்கி வெளியே நீட்டினார்.

"இனி வேற ஆளைப் போட்டுக்கிடுங்க சாமி. என்னால முடியாது."

சாமி சாவியை வாங்கவில்லை. மறுபக்கம் சுற்றிவந்து கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"மாசானம் வீட்டுக்குப் போங்க" என்றார்.

புதிதாக வேலை பார்த்த இன்ஜினை விரட்டக் கூடாது. நயினார் மெதுவாகத்தான் ஓட்டினார். இன்னும் மெதுவாக ஓட்டமுடியாதா என்றிருந்தது. மழை விட்டு, வயலெல்லாம் தண்ணீர் நின்றது. ஓடைப்பாலத்தில் தண்ணீர் வடிந்து, செத்தையும் சகதியும் கம்பிகளில் ஒட்டிக் கிடந்தன. பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டும்போது நயினார் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

மாசானம் வீட்டில் தனியாக இருந்தான். பீடி சுற்றுகிற முறம் சுவரோரம் அப்படியே கிடந்தது. வெட்டி வைத்த இலை காய்ந்து சுருண்டிருந்தது. சாமியைக் கண்டதும் பதறி எழுந்து பாயை விரித்தான். சாமி உட்காரவில்லை. நயினார் நிலைப்படியோடு நின்றுகொண்டார்.

மாசானம் வழக்கத்தில் பேசாதவன். அன்றைக்கு யாரும் கேட்காமலே பேசினான்.

"நான்தான் சாமி சொன்னேன், செவ்வாக்கிழமை போய்க்கிடலாம்னு. லீவு போட்டுட்டுக் கூடப் போயிருக்கணும். பாலத்தை நடந்தே தாண்டிக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். தோள்ல தூக்கிட்டுன்னாலும் போயிருக்கலாம். ஒருநாள் தப்புனா ஒண்ணும் செய்யாதுன்னு என் வாயாலயே சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லாமப் போயி உக்காந்து இலை வெட்டுனா."

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். பிறகு சாமியின் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வந்தான்.

"ஆனா சாமி, அன்னைக்கு நீங்க இங்கன வந்து பேசாம நின்னியல்லா. அப்பமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் சொன்னாவ. அவ தலையெழுத்து அம்புட்டுதான், யாரு என்ன செஞ்சிருந்தாலும் நின்னிருக்க மாட்டா. அதத்தான சாமி சொன்னிய? ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கிடக்கேன். அப்படித்தான சாமி?"

நயினார் சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு "ம்" போதும். ஒரே ஒரு "ம்". மாசானம் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச காலத்தைத் தள்ளிவிடுவான். நயினாரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஆசிரமம் போய்ச் சேரலாம். சாமி, சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் மன்றாடினார். ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு உண்மையாக எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

சாமி மாசானத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மாசானம். தலையெழுத்து இல்ல. உங்க வாயும் இல்ல. வண்டி வரல. வந்திருக்கலாம். நாங்க கொண்டுவரல."